பாய்லர் நோட்டில் பெரிய வார்த்தைகள்

என் வீட்டுக்காரருக்குப் பாய்லரிடம் பயம் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அதன் பக்கத்தில் நின்று வெந்தவர். அது முனகினாலும் இருமினாலும் எந்த இடத்தில் கோளாறு என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். அவருக்குப் பயமெல்லாம் இங்கிலீஷிடம்தான். அந்தப் பயத்தைப் போக்கிக்கொள்ள அவர் செய்த வேலையில் எங்கள் குடும்பமே ஒரு மதியம் போய்ச் சேர்ந்திருக்கும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் மூன்று பேருக்கும் ஒரே இடத்தில் வேலை. பெரிய சலவை ஆலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் விரிப்பும் துண்டும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைக்க, உலர்த்த, தேய்க்க எல்லாவற்றுக்கும் நீராவி வேண்டும். அது பாய்லர் ரூமிலிருந்து குழாய் வழியாக வரும். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை அவர் பாய்லரைப் பார்ப்பார். இரண்டு மணிக்கு என் தம்பி வந்து மாற்றிக்கொள்வான். நான் பக்கத்துக் கட்டடத்தில், நீராவியால் துணி தேய்க்கும் ஸ்டீம் பிரஸ்ஸில் நிற்கிறேன். பாய்லருக்கும் எனக்கும் நடுவில் இரண்டு சுவரும் ஒரு முற்றமும்தான்.

தம்பியை அந்த வேலைக்குக் கொண்டுவந்ததே இவர்தான். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவனுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அவன் சேர்ந்த அன்றைக்கு, "என் தம்பிய பத்திரமா பாத்துக்கங்க" என்று சொன்னேன். "நான் எதுக்கு? பாய்லரே பாத்துக்கும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சூப்பர்வைசர் வேலைக்கு ஒரு இண்டர்வியூ நடந்தது. பாய்லரைப் பற்றி இவருக்குத் தெரிந்த அளவு அந்த வளாகத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் வந்திருந்த அதிகாரி நீளமாக இங்கிலீஷில் ஏதோ கேட்டிருக்கிறார். இவர், "எஸ் சார், தேங்க் யூ சார்" என்று சொல்லியிருக்கிறார். மூன்று பேரும் சிரித்தார்களாம். உன்னிடம் இருக்கும் பெரிய குறை என்ன என்பதுதான் அந்தக் கேள்வி என்று பிறகு ஒரு கிளார்க் சொன்னான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, போட்ட சட்டையைக் கூடக் கழற்றாமல் விளக்குப் போடும் நேரம் வரை உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அதிகாரிகளின் கார் வளாகத்துக்குள் நுழைந்தாலே இவர் பாய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். ஐம்பது டிகிரி சூட்டில் குழாயைத் துடைக்கிற மனுஷன், ஏசி ரூமுக்குப் போகச் சொன்னால் வியர்த்துக் கொட்டுவார்.

பழைய புத்தகக் கடையிலிருந்து அட்டை போன ஒரு புத்தகத்தை வாங்கி வந்தார். இங்கிலீஷில் கடினமான வார்த்தைகள், வாரத்துக்கு முப்பது, ஐம்பத்திரண்டு வாரம். அதை எழுதிய புண்ணியவான் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே கட்டளையைப் போட்டிருந்தான்: கற்றுக்கொண்ட வார்த்தையை அன்றைக்கே ஒரு வாக்கியத்தில் எழுது, எழுதாத வார்த்தை தங்காது.

வீடு முழுவதும் துண்டுச் சீட்டு ஒட்டினார். கண்ணாடியில் மூன்று, ஃப்ரிட்ஜில் எட்டு, குளியலறைக் கதவின் உட்பக்கம் பன்னிரண்டு. பல் தேய்த்துக்கொண்டே முணுமுணுப்பார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்து ஒரு வாய் வைத்துவிட்டு, "எக்ஸ்க்விஸிட்" என்றார்.

"திட்டுறீங்களா, பாராட்டுறீங்களா? அத முதல்ல சொல்லுங்க, அப்புறம் மறு சோறு போடறேன்."

"பாராட்டுதான்ம்மா. ரொம்ப உயர்ந்த பாராட்டு."

"அப்ப நல்லாருக்குன்னு சொல்றதுக்கு என்ன கேடு?"

சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை. அதனால் சீட்டெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் வாக்கியம் எழுத இடம் வேண்டுமே. இவர் யாருக்கு இங்கிலீஷில் எழுதுவார்? இவர் இங்கிலீஷில் எழுதும் இடம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது பாய்லர் ரூம் நோட்டு.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஷிஃப்ட் முடித்துப் போகிறவர் பாய்லரின் நிலைமையை அதில் எழுதவேண்டும். வருகிறவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். அதிகாரிகள் பார்ப்பார்கள் என்பதால் இங்கிலீஷில்தான் எழுதவேண்டும். ஆனால் பாய்லர்காரர்களுடைய இங்கிலீஷ் தனி. நாற்பது ஐம்பது வார்த்தைதான். 'கிளாஸ் ராங். பம்ப் ஸ்டாப் ஸ்டாப். ஃபிஃப்டீன் மினிட் ஒன்ஸ் ஸீ.' இலக்கணம் கிடையாது. ஆனால் அதைப் படித்த ஆள் உடனே அந்த இடத்துக்கு ஓடுவான்.

இவர் அந்த நோட்டில் புத்தகத்து வார்த்தைகளை எழுத ஆரம்பித்தார். ஆரம்பத்தில் நாளுக்கு ஒன்று, பிறகு வரிக்கு ஒன்று. மேனேஜர் ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, தேறிட்டீங்களே" என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்கவேண்டும். கல்யாணத்தன்று கூட அப்படி இல்லை.

தம்பி ஒருநாள் என்னிடம் வந்தான். "அக்கா, மாமா நோட்டுல என்னமோ காவியம் எழுதுறாரு. எனக்கு ஒரு வரியும் விளங்கல."

"அவர்கிட்டயே கேளேன்."

"போக்கா. எனக்கு இது தெரியாதுன்னு அவர்கிட்ட எப்படிக் கேக்கறது? மானம் போயிடும். பாய்லர பாத்தா தெரிஞ்சிடப் போவுது."

நான் சிரித்தேன். இவரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சந்தோஷம் போய்விடுமே என்று நினைத்தேன். என் வாயை நானே தைத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

மறுபடியும் சூப்பர்வைசர் இண்டர்வியூ வந்தது. மதியம் இரண்டரைக்கு. முதல் நாளிலிருந்தே இவருக்குச் சோறு இறங்கவில்லை. நீல நிறச் சட்டையை என் பிரஸ்ஸிலேயே தேய்த்துக் கொடுத்தேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதைப் பையில் மடித்து எடுத்துப் போனார்.

அன்றைக்கு ஒன்றே முக்காலுக்குப் பாய்லரில் ஒரு கோளாறு தெரிந்திருக்கிறது. பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட வெளியில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதன் அடியில் இருக்கும் திருகைத் திறந்தால் குழாயில் இருக்கும் தண்ணீர் வடியும். மூடினால் பாய்லருக்குள்ளிருந்து மறுபடி சட்டென்று ஏறவேண்டும். அன்றைக்கு மெதுவாக ஏறியிருக்கிறது. உள்ளே வழியில் உப்புப் படிந்து அடைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முழுவதும் அடைத்துவிட்டால், பாய்லர் வற்றினாலும் கண்ணாடியில் மட்டும் பழைய தண்ணீர் அப்படியே நிற்கும். போதாததற்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் விட்டுவிட்டு ஓடியது. தண்ணீர் குறைந்தால் தீயைத் தானே அணைக்கவேண்டிய மிதவை, ஒரு வாரமாகவே சிக்கிக்கொண்டு கிடந்தது.

இவர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். மூன்றரைக்கு வருகிறேன் என்றார் மெக்கானிக். அதுவரை கால் மணிக்கு ஒருமுறை திருகைத் திறந்து பார்த்தால் போதும். செய்ய வேண்டியது அவ்வளவுதான். இவர் நோட்டை எடுத்து அதைத்தான் எழுதினார். எப்படி எழுதினார்? 'கேஜ் இண்டிகேஷன் அன்ரிலையபிள். ஃபீட் பம்ப் இன்டர்மிட்டன்ட். ஃப்ரீக்வென்ட் வெரிஃபிகேஷன் இம்பெரேட்டிவ்.' மூன்றும் நல்ல வாக்கியம். அந்த வாரத்து வார்த்தைகளில் ஐந்து வந்துவிட்டன. கண்ணாடியை நம்பாதே, பம்ப் விட்டுவிட்டு ஓடுகிறது, அடிக்கடி திறந்து பார்த்தே ஆகவேண்டும் என்பதுதான் அது.

தம்பி இரண்டு மணிக்கு வந்தான். இவர் சட்டை மாற்றும் அவசரத்தில் இருந்தார். "நோட்டுல எல்லாம் இருக்கு மாப்ள" என்றார். தம்பி, "ஜெயிச்சுட்டு வாங்க மாமா" என்று கையைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். கண்ணாடியைப் பார்த்தான். பாதி தண்ணீர் நின்றது.

இண்டர்வியூ அறையில் மேனேஜரும் பணியாளர் பிரிவு அதிகாரியும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு அம்மாவும் இருந்தார்கள். அந்த அம்மாதான் கேள்வி கேட்டது. முதல் நான்கு கேள்விக்கு இவர் நன்றாகவே பதில் சொல்லிவிட்டார். பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது என்று சொன்னார். பிறகு அந்த அம்மா, இன்றைக்கு ஷிஃப்டை எப்படி ஒப்படைத்தீர்கள் என்று கேட்டது. இவர் நோட்டில் எழுதிய மூன்று வாக்கியத்தையும் மனப்பாடமாகச் சொன்னார். மேனேஜர் தலையாட்டினார்.

"குட்" என்றது அந்த அம்மா. பிறகு தமிழிலேயே கேட்டது. "இத படிச்சதும் உங்க ஆள் உங்ககிட்ட என்ன கேட்டார்?"

இவர் ஷிஃப்ட் மாறிய நேரத்தை நினைத்துப் பார்த்தார். தம்பி எதுவும் கேட்கவில்லை. முன்பெல்லாம் கோளாறு என்று எழுதியிருந்தால், "எத்தன தடவ பாக்கணும் மாமா? மெக்கானிக் எப்ப வர்றாரு?" என்று பிய்த்து எடுப்பான். இன்றைக்கு நோட்டை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். நேற்றும் கேட்கவில்லை. போன வாரமும் கேட்கவில்லை. கடைசியாக எப்போது கேட்டான் என்று யோசித்துப் பார்த்திருக்கிறார், நினைவுக்கே வரவில்லை. அறையின் கடிகாரத்தில் மணி இரண்டு ஐம்பத்தைந்து.

அத்தனை வாரமாகப் படித்த வார்த்தையில் ஒன்று கூட நாக்கில் இல்லை. "பாய்லரு... பாய்லரு மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நாற்காலி கவிழ எழுந்து ஓடினார்.

நான் ஜன்னல் பக்கத்துப் பிரஸ்ஸில் ஒரு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். நீலச் சட்டை முற்றத்தில் ஓடுவது தெரிந்தது. முதலில் யாரோ என்று நினைத்தேன். இவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஜன்னலைத் தாண்டும்போது என்னைப் பார்த்துக் கத்தினார்.

"வெளிய போ! எல்லாரையும் கூட்டிட்டு வெளிய போ!"

பிறகு யார் யாரைப் பிடித்துத் தள்ளினேன் என்று தெரியாது. பத்துப் பெண்களும் கேட் பக்கம் ஓடினார்கள். நான் மட்டும் எதிர்ப் பக்கமாக ஓடினேன். எனக்கு வேண்டிய இரண்டு பேரும் அங்கேதானே இருந்தார்கள்.

பாய்லர் ரூம் வாசலை நான் எட்டும்போது இவர் தீயை நிறுத்தியிருந்தார். பர்னரின் இரைச்சல் அடங்கி, காது அடைத்த மாதிரி இருந்தது. தம்பி திகைத்துப்போய் நின்றான். "என்ன மாமா? தண்ணி பாதி இருக்குதே, பாருங்க."

இவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடிக்கு அடியில் இருந்த திருகைத் திறந்தார். பாதி நின்ற தண்ணீர் கொட்டிப் போனது. திருகை மூடினார். மூவரும் கண்ணாடியைப் பார்த்தோம். ஏறவில்லை. வெறும் கண்ணாடி. என் தம்பி ஒரு மணி நேரமாக நம்பிக்கொண்டிருந்தது வேறெங்கும் போக வழியில்லாமல் நின்ற தண்ணீரை.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, தண்ணி இல்ல" என்று பம்ப் ஸ்விட்சை நோக்கிப் பாய்ந்தான்.

"தொடாத! தண்ணி விடாத!"

இவர் குறுக்கே பாய்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் இவருடைய முழங்கை நீராவிக் குழாயில் பட்டுச் சட்டையோடு பொசுங்கியது. இவர் அதைக் கவனிக்கவே இல்லை. காய்ந்து பழுத்துக் கிடக்கும் இரும்பின் மேல் பச்சைத் தண்ணீர் விழுந்தால் அந்த நொடியே வெடித்துவிடும், பாய்லர் ரூமும் மிஞ்சாது, பக்கத்துக் கட்டடமும் மிஞ்சாது. எனக்கே தெரிந்த விஷயம். தம்பிக்கும் தெரியும். பயம் வந்ததும் மறந்துவிட்டான்.

மூன்று பேரும் கேட் வரைக்கும் ஓடினோம். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. அது தானாக ஆறவேண்டும். நாற்பது நிமிடம். உள்ளே இரும்பு சுருங்கும் சத்தம் டக், டக் என்று முற்றம் வரை கேட்டது. ஒவ்வொரு டக்குக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இவர் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

"நோட்டுல எழுதியிருந்தேனே மாப்ள" என்றார்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க எழுதறத நான் மூணு மாசமா படிக்கறதே இல்ல மாமா. சும்மா கையெழுத்து போடுவேன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அது ஒரு மாதமாகத் தெரியும் என்பதை அந்த இடத்தில் சொல்லத் தைரியம் வரவில்லை.

பாய்லர் ஆறிய பிறகு மூன்று அதிகாரிகளும் உள்ளேயிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். மேனேஜருக்கு யார் தலையாவது உருளவேண்டும். "தெளிவா எழுதியிருக்காரு. நீ கையெழுத்து போட்டிருக்க. அப்புறம் ஏன்யா பாக்கல? இன்னிக்கே சீட்டக் கிழிக்கிறேன் பாரு" என்று தம்பியைப் பார்த்துக் குதித்தார். அந்த அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டுத் தம்பியிடம் நிதானமாகக் கேட்டது.

"இத படிச்சீங்களா? புரிஞ்சுதா உங்களுக்கு?"

தம்பி மாமாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இவருடைய இண்டர்வியூ பாதியில் நிற்கிறது என்று அவனுக்கும் தெரியும்.

"படிச்சேன் மேடம். புரிஞ்சுது. நான்தான் அசட்டையா இருந்துட்டேன்."

அன்றைக்கு நான் மிகவும் பயந்தது எந்த நேரத்தில் என்று கேட்டால், பாய்லர் ரூம் வாசலில் நின்றபோது இல்லை. இந்த நேரத்தில்தான். இவர் சும்மா இருந்தால் போதும், இரண்டு வருடக் கனவு கையில் வந்துவிடும். பயந்த சுபாவம் வேறு. என்ன மனுஷனைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நோ மேடம்" என்றார் இவர். "ஹி நாட் அண்டர்ஸ்டாண்ட். ஐ ரைட் பிக் பிக் வேர்ட். மை மிஸ்டேக்."

பிறகு தமிழுக்கு வந்தார். "நீங்க படிக்கணும்னு எழுதினேன் மேடம். அவன் படிக்கணும்னு எழுதல. எழுதி முடிச்சதும் வேலையே முடிஞ்ச மாதிரி இருந்துச்சு. வாயால ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். சொல்லல."

அந்த அம்மா நோட்டை மூடியது. யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. தம்பிக்கு வேலை போகவில்லை. மிதவையை மறுநாளே மாற்றினார்கள். சூப்பர்வைசர் வேலைக்கு வேறு கிளையிலிருந்து ஒருவர் வந்தார். அன்றைக்கு இரவு சோறு போடும்போது, எனக்கு முன்பே தெரியும் என்று இவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நீயும் பயந்துட்டியா" என்று மட்டும் கேட்டார்.

புத்தகத்தை இவர் தூக்கிப் போடவில்லை. இப்போது முப்பத்தெட்டாவது வாரம். வார்த்தை என்ன செய்யும் பாவம் என்கிறார். சீட்டுகள் எல்லாம் ஒட்டிய இடத்திலேயே இருக்கின்றன. வாக்கியம் எழுதத் தனியாக ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அதில் என் சமையலைப் பற்றித்தான் நிறைய எழுதுகிறார் போலிருக்கிறது. எனக்கு என்ன தெரியும், திட்டியிருந்தாலும் இருக்கும்.

பாய்லர் நோட்டில் பழையபடி 'பம்ப் ஸ்டாப் ஸ்டாப்'தான். அதோடு விடுவதில்லை. உள்ளே இரைச்சலில் காது கேட்காது என்று, இரண்டு மணிக்கு இருவரும் முற்றத்துக்கு வந்து நிற்கிறார்கள். இவர் எழுதியதை வாயால் சொல்வார். தம்பி அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லவேண்டும். சரியாகச் சொன்ன பிறகுதான் கையெழுத்து. ஒரு சிரிப்பு, ஒரு கிண்டல் எதுவும் அதற்கு நடுவில் கிடையாது.

என் ஜன்னலுக்கு அது கேட்கும். இரண்டு மணி அடித்ததும் என் கை பிரஸ்ஸின் பிடியிலேயே நின்றுவிடும். விரிப்பு கருகுகிறது என்று பக்கத்தில் இருப்பவள் கத்துவாள். தம்பியின் குரல் வரும் வரைக்கும் எனக்குப் பிடியைத் தூக்க வராது.